ரிப்ளை-டு என்ற ஒரு வரியும் ஸ்பேமில் விழுந்த மடல்களும்

எங்கள் கல்வெட்டு வாசிப்புக் குழுவுக்கென்று ஒரு மடற்குழு இருக்கிறது, ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேர்கிற மின்னஞ்சல் ஏற்பாடு. இருநூற்றுப் பத்துப் பேர். பாதிக்கு மேல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மீதிப் பேர் என்னைப் போல வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கோயில் அதிட்டானத்தின் (அடித்தளக் கட்டின்) முன்னால் போய் உட்காருபவர்கள். யாராவது ஒருவர் படியெடுத்ததைப் படம் பிடித்து அனுப்புவார், மூன்றாவது வரியில் இருப்பது ரகரமா துணைக்காலா என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். வாட்ஸப் குழுவும் வைத்திருக்கிறோம், ஆனால் அங்கே போட்டது ரெண்டே நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. மடற்குழுவில் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எழுதிய குறிப்பை இன்றைக்கும் தேடி எடுத்துவிடலாம். அதனால்தான் ஒரு சின்ன வாடகை சர்வரில் மெயில்மேன் 2.1 என்ற மடற்குழு மென்பொருளைப் போட்டு இதை இத்தனை வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.

2024 மார்ச் மாதம் ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போன். புதுக்கோட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். குழுவில் எல்லாருக்கும் ஐயா.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். நான் போன வாரம் ஒரு கடிதம் போட்டேன் இல்லையா, அதுல யாரையாவது புண்படுத்துற மாதிரி எழுதிட்டேனா?"

"இல்லையேய்யா, எந்தக் கடிதம்?"

"அந்த ஏரிக்கரைக் கல்வெட்டு. ஒருத்தரும் பதில் போடலை. எப்பவும் நாலு பேராவது எழுதுவாங்க. சரி, ஏதோ தப்பா எழுதிட்டோம்போலன்னு ரெண்டு நாளா மனசே சரியில்லை."

அந்தக் கடிதத்தை நானும் பார்த்திருக்கவில்லை. என் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். அங்கே இருந்தது, ஒன்றில்லை, ஆறு கடிதங்கள், நாலு பேர் எழுதியவை. ஐயா பதினெட்டு படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி, வரிக்கு வரி பாடம் எழுதி அனுப்பிய கடிதம் போலி மருந்து விளம்பரங்களுக்கும் லாட்டரி அறிவிப்புகளுக்கும் நடுவில் கிடந்தது. எனக்கு அன்றைக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், அந்தப் பக்கம் எழுபத்து நாலு வயது மனிதர் ஒருவர் தன்னை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்று விரிவாக எழுதிவைக்கிறேன். சொந்தமாக மடற்குழு நடத்துகிற யாருக்காவது இரண்டு ராத்திரி மிச்சமாகும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டிமார்க் என்பது ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) உண்மையா என்று சோதிக்கும் முறை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' என்று மாற்றியது. அதாவது, யாஹூ முகவரியை ஃப்ரம் வரியில் வைத்துக்கொண்டு வேறு எங்கிருந்தாவது மெயில் வந்தால் அதை வாங்காதே என்று உலகத்து மெயில் சர்வர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டது. அதே மாதம் ஏஓஎல்லும் அதையே செய்தது. திருட்டுத்தனமாக அடுத்தவர் முகவரியைப் போட்டு ஸ்பேம் அனுப்புகிறவர்களைத் தடுக்கத்தான் செய்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் மடற்குழு என்பதே அடுத்தவர் எழுதிய கடிதத்தை அவர் பெயரிலேயே வேறொரு சர்வரிலிருந்து அனுப்புகிற ஏற்பாடு. யாஹூ உறுப்பினர் ஒருவர் குழுவுக்கு எழுதினால், ஜிமெயில் வைத்திருக்கிற அத்தனை உறுப்பினர்களின் பக்கமிருந்தும் 550 என்று தொடங்கும் மறுப்பு என் சர்வருக்குத் திரும்பி வந்தது. மெயில்மேன் அதைப் பார்த்து என்ன நினைத்துக்கொண்டது? இந்த ஜிமெயில் முகவரிகளெல்லாம் செத்துப்போய்விட்டன என்று. ஒரு நாளைக்கு ஒரு புள்ளி, ஐந்து புள்ளி சேர்ந்தால் அந்த உறுப்பினருக்கு மடல் நிறுத்தம். அதுதான் மெயில்மேனில் முதலிலிருந்தே இருக்கிற கணக்கு. எழுதியவர் யாஹூ, தண்டனை ஜிமெயில்காரருக்கு. ஒரே வாரத்தில் எங்கள் குழுவில் நாற்பது பேருக்கு மேல் கடிதம் நின்றுபோனது, அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை.

அடுத்த மாதமே வந்த மெயில்மேன் 2.1.18இல் இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள். எழுதியவரின் டொமைன் டிமார்க் ரிஜெக்ட் போட்டிருக்கிறதா என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன்களின் பொதுப் பதிவேட்டில், பார்க்கும், போட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஃப்ரம் வரியை மாற்றிக் குழுவின் முகவரியை வைத்து அனுப்பும். அந்த அமைப்புக்கு 'மஞ்ச் ஃப்ரம்' என்று பெயர். அதைப் போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. பத்து வருஷம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஐயாவின் முகவரி ஜிமெயில். ஜிமெயிலின் டிமார்க் பதிவு டிஎன்எஸ்ஸில் 'நன்' என்றே இருக்கிறது, அதாவது எதையும் மறுக்கச் சொல்லவில்லை. அதனால் மெயில்மேன் அவர் கடிதத்தில் கைவைக்காமல் அவர் பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. கூகுளின் விதியில், ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் பெரிய நிபந்தனைகள், எங்கள் குழு அந்தக் கணக்கில் பக்கத்திலேகூட வராது. ஆனால் கூகுளின் அதே அறிவிப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரி இருந்தது: ஃப்ரம் வரியில் ஜிமெயில் முகவரியைப் போட்டு வெளியிலிருந்து அனுப்பாதீர்கள், அப்படி வருவதை இனிமேல் சந்தேகப் பட்டியலில் வைப்போம் என்று. நாங்கள் செய்துகொண்டிருந்தது அச்சு அசலாக அதைத்தான்.

சரி, ஸ்பேமில் கிடந்த அந்தக் கடிதத்தை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பார்த்தேன். மேலே ஒரு சின்னக் கட்டத்தில் மூன்று வரி தெரியும். எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) பாஸ். டிகேஐஎம்மில் (கடிதம் வழியில் மாறவில்லை என்று காட்டும் மின்கையொப்பம்) எழுதியவரின் கையொப்பம் தேறவில்லை. டிமார்க் ஃபெயில்.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகியும் ஏன் டிமார்க் தோற்கிறது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் மேலிருக்கும் அனுப்புநர் முகவரியை. மடற்குழுவில் அது குழுவின் பவுன்ஸ் முகவரி (போய்ச் சேராத கடிதம் திரும்பி வருகிற இடம்), என் டொமைன். அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டிமார்க் கேட்பது வேறு கேள்வி: வாசகர் கண்ணுக்குத் தெரிகிற ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைனுக்கு யார் சாட்சி? ஃப்ரம் வரியில் ஜிமெயில், எஸ்பிஎஃப் சாட்சி என் டொமைனுக்கு. பொருந்தவில்லை. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, ஜிமெயில் அந்தக் கடிதத்தில் போட்ட டிகேஐஎம் கையொப்பம். அது உடையாமல் போய்ச் சேர்ந்தால் டிமார்க் தேறிவிடும். என் சர்வர் அதை உடைத்துக்கொண்டிருந்தது.

படியெடுக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். கல்லில் இருப்பதை அப்படியே தாளில் ஒற்றி எடுத்தால்தான் அது படி. தெளிவாகத் தெரியட்டுமே என்று நாமே ஓர் எழுத்தை மையால் கூட்டி எழுதிவிட்டால், அந்தத் தாளை நம்பி யாரும் பாடம் எழுத முடியாது. மடற்குழு சர்வர் காலம்காலமாக அப்படித்தான் கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறது. சப்ஜெக்டின் முன்னால் சதுர அடைப்புக்குள் குழுவின் பெயர், கடிதத்தின் அடியில் மூன்று வரி அடிக்குறிப்பு, விலக வேண்டுமானால் இங்கே போகவும் என்று. சப்ஜெக்ட் வரி கையொப்பத்துக்குள் அடங்கும், கடிதத்தின் உடலும் அடங்கும். தமிழில் எழுதும்போது இது இன்னும் மோசம். தமிழ்க் கடிதம் பெரும்பாலும் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் பொதிந்துதான் பயணம் செய்கிறது. அடியில் தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் மெயில்மேன் அதைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பொதிய வேண்டும், ஆகக் கடிதத்தின் உடல் முழுக்கவே புதிதாகிவிடும்.

முன்னொட்டையும் அடிக்குறிப்பையும் எடுத்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்து ஐயாவுக்குப் போன் போடப் போனேன், நல்லவேளை அதற்கு முன்னால் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்த்தேன். மறுபடியும் தோல்வி.

இரண்டாவது ராத்திரி, கையொப்ப வரியையே எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதில் எச் என்ற எழுத்தும் சமக்குறியும் போட்டு ஒரு பட்டியல் வரும், கடிதத்தின் தலைப்பகுதியிலுள்ள எந்தெந்த ஹெட்டர் வரிகளைச் சேர்த்துக் கையொப்பம் போட்டிருக்கிறேன் என்று ஜிமெயில் சொல்கிற இடம். டு, சப்ஜெக்ட், மெசேஜ்-ஐடி, டேட், ஃப்ரம், சிசி என்று போய்க் கடைசியில் ரிப்ளை-டு, பதில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வரி.

ஐயா அனுப்பிய கடிதத்தில் ரிப்ளை-டு வரியே கிடையாது. இல்லாத வரிக்கு எப்படிக் கையொப்பம்? டிகேஐஎம் விதியில் (ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறி ஆவணங்களில் 6376 எண்ணுள்ளது, 2011) இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். இல்லாத ஒரு ஹெட்டரைப் பட்டியலில் சேர்த்தால், 'இது இந்தக் கடிதத்தில் இல்லை' என்பதற்கே கையொப்பம் போட்டதாகப் பொருள். பின்னால் யாராவது அந்த வரியைச் சேர்த்தால் கையொப்பம் உடைய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ரிப்ளை-டு வரியை வைத்துப் பதிலைத் திருடன் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் அல்லவா, அதைத் தடுக்க.

எங்கள் குழுவில் முதல் நாளிலிருந்தே பதில்கள் குழுவுக்குத்தான் போக வேண்டும் என்று அமைத்திருந்தோம். மெயில்மேனில் 'ரிப்ளை கோஸ் டு லிஸ்ட்' என்று ஓர் அமைப்பு, அதில் மூன்று தேர்வு: எழுதியவருக்கு, குழுவுக்கு, வேறொரு குறிப்பிட்ட முகவரிக்கு. நாங்கள் இரண்டாவதைப் போட்டிருந்தோம். அப்படிப் போட்டால் வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்திலும் மெயில்மேன் ஒரு ரிப்ளை-டு வரியைச் சேர்க்கும். அடிக்குறிப்பு இல்லை, முன்னொட்டு இல்லை, ஓர் எழுத்துகூட மாறவில்லை, இந்த ஒரு வரி போதும். ஜிமெயிலில் எழுதுகிற அத்தனை உறுப்பினரின் கையொப்பமும் என் சர்வரைத் தாண்டும்போது உடைந்துகொண்டிருந்தது.

அதை முதல் தேர்வுக்கு மாற்றினேன், எழுதியவருக்கே என்று. மறுபடி சோதனைக் கடிதம். டிகேஐஎம் பாஸ், டிமார்க் பாஸ். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்து ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டில் எல்லாரையும் எழுப்பலாம் போல இருந்தது.

அப்புறமும் ஒரு குட்டி இடம் பாக்கி இருந்தது. ஒருவர் 'ரிப்ளை ஆல்' போட்டுக் குழுவுக்கும் இன்னொரு உறுப்பினருக்கும் சேர்த்து அனுப்பினால், அந்த உறுப்பினருக்கு இரண்டு பிரதி போகக் கூடாது என்று மெயில்மேன் ஒரு நகலை நிறுத்திவிடும். நல்ல வழக்கம்தான். ஆனால் அதோடு நிற்காமல் சிசி வரியிலிருந்தும் அவர் பெயரை அடித்துவிடுகிறது. சிசியும் கையொப்பத்துக்குள் இருக்கிறது. ஆக, தனியாக எழுதிய கடிதம் தேறும், பதில் கடிதம் மட்டும் சில நேரம் விழும், ஏன் என்றே தெரியாது. பிந்தைய 2.1 பதிப்புகளில் 'டிராப் சிசி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை 'நோ' என்று வைத்தால் சிசி வரியைத் தொடாது. எச்டிஎம்எல் பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தாக அனுப்பும் வடிகட்டி போட்டிருந்தீர்களென்றால் அதையும் நிறுத்த வேண்டும், அதுவும் உடலை மாற்றுவதுதான்.

யாஹூ உறுப்பினர்களுக்கு 2014இல் போட்ட மஞ்ச் ஃப்ரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையொப்பம் இப்போது உடையாமல் போவதால் அது தேவையில்லாமலே போகலாம், ஆனால் ரிஜெக்ட் போட்ட டொமைனில் எங்கேயாவது ஒரு தவறு நடந்தால் கடிதம் ஸ்பேமில்கூட விழாது, 550 5.7.26 என்று வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், அதோடு பழைய புள்ளிக் கணக்கு தொடங்கிவிடும். அந்த ஆபத்து வேண்டாம். ஃப்ரம் வரியில் உங்கள் குழு முகவரியை வைத்து அனுப்புவதானால் ஒன்று முக்கியம்: அப்போது சாட்சி சொல்ல வேண்டியது உங்கள் டொமைன். ஓப்பன்டிகேஐஎம் என்ற மென்பொருளைப் போட்டு உங்கள் சர்வரே கையொப்பம் இட வேண்டும், எஸ்பிஎஃப் பதிவும் சர்வரின் ஐபி எண்ணிலிருந்து அதன் பெயரைக் காட்டும் எதிர்ப்பெயர்ப் பதிவும் சரியாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வகைக் கடிதமும் கலந்து வரும்போது, பதில் அமைப்பு 'எழுதியவருக்கு' என்று இருப்பதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. ஃப்ரம் மாறிய யாஹூ கடிதத்தில் மெயில்மேன் எழுதியவரின் சொந்த முகவரியை ரிப்ளை-டுவில் வைத்துவிடும். ஃப்ரம் மாறாத ஜிமெயில் கடிதத்தில் ரிப்ளை-டு கிடையாது, பதில் தானாகவே எழுதியவருக்குப் போகும். ரெண்டிலும் 'ரிப்ளை' என்றால் ஒருவருக்கு, 'ரிப்ளை ஆல்' என்றால் எல்லாருக்கும். உறுப்பினர் யார் எந்த மெயில் வைத்திருக்கிறார் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, கையொப்பத்துக்குச் சம்பந்தமில்லாதது. சில வருஷம் முன்னால் குழுவில் ஓர் அக்கா, தன் தோழி எழுதிய கடிதத்துக்கு ரிப்ளை போட்டு, வீட்டில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை பற்றியும் அதற்கு வாங்கிய கடன் பற்றியும் மனம்விட்டு எழுதினார். தோழிக்கு எழுதுவதாகத்தான் நினைத்தார். இருநூறு பேருக்குப் போய்விட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் அவர் குழுவில் எழுதவே இல்லை. ஒருவருக்கு மட்டும் என்று நினைத்தது எல்லாருக்கும் போவதும், எல்லாருக்கும் என்று நினைத்தது ஒருவருக்கு மட்டும் போவதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் திரும்ப அனுப்பிச் சரிசெய்துவிடலாம். முதலாவதை ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கே இந்த அமைப்பை மாற்றியிருக்க வேண்டும் என்று இப்போதும் வருத்தம் உண்டு.

மாற்றிய பிறகு முதல் இரண்டு வாரம் குழு அமைதியாக இருந்தது. பழக்கதோஷத்தில் எல்லாரும் ரிப்ளை அழுத்திக்கொண்டிருந்தார்கள், பதில்கள் எழுதியவருக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, ஜிமெயில் அமைப்புகளில் பதிலுக்கான இயல்புத் தேர்வை 'ரிப்ளை ஆல்' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, 'ரிப்ளை லிஸ்ட்' என்று தனிப் பொத்தான் இருக்கிறது. கடிதத்தில் லிஸ்ட்-போஸ்ட் என்று ஒரு ஹெட்டர் இருக்கும், அதைப் பார்த்து அது வேலை செய்கிறது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2369 இதைச் சொல்லிவிட்டது, ரிப்ளை-டுவைத் தொடாமலே குழுவுக்குப் பதில் அனுப்ப வழி அன்றிலிருந்தே இருக்கிறது. ஜிமெயிலில் அந்தப் பொத்தான் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

முன்னொட்டு போனதில் சிலருக்குக் கோபம். சப்ஜெக்டில் குழுவின் பெயரைப் பார்த்துத்தான் படிப்பேன் என்றார்கள். அவர்களுக்கு, குழுவை அடையாளம் காட்டும் லிஸ்ட்-ஐடி ஹெட்டரை வைத்து ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போட்டு, தனி லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். முன்னைவிட வசதியாக இருக்கிறது என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். விலகுவதற்கான வழியும் ஹெட்டரில் இருக்கிறது, ஜிமெயிலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் காட்டிவிடுகிறது, அடிக்குறிப்பு போனதை ஒருவரும் கேட்கவில்லை.

ஏஆர்சி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் இவ்வளவு பாடு வேண்டாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வாங்கும்போது கையொப்பம் சரியாக இருந்தது என்று நடுவில் இருக்கும் சர்வர் சான்று சொல்கிற முறை அது, 2019இல் ஆர்எஃப்சி 8617 ஆக வந்தது. ஆனால் அந்தச் சான்றை நம்புவதா இல்லையா என்பது வாங்குகிறவர் கையில். இருநூறு பேருக்கு அனுப்புகிற என் வாடகை சர்வரின் வாக்கை யார் நம்புவார்கள்? கடிதத்தைத் தொடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பலமானது என்று நான் நினைக்கிறேன்.

ஐயாவின் ஏரிக்கரைக் கடிதத்தை அவரை விட்டே மறுபடி அனுப்பச் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பதில். மூன்றாவது வரியில் அவர் 'மதகு' என்று படித்திருந்ததை ஒருவர் மறுத்து எழுதியிருந்தார், அதற்கு ஐயா அடுத்த நாள் காலை நாலு பக்கம் பதில் எழுதினார், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பாக்கி இருப்பது மெயில்மேன் 3க்கு மாறுவது. 2.1 ஓடுகிற பைதான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்புக்கு 2020 ஜனவரி ஒன்றோடு ஆதரவு நின்றுவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது. பொங்கல் விடுமுறையில் உட்காரப் போகிறேன், மாற்றிய உடனே முதலில் பார்க்கப் போவது அந்த ரிப்ளை-டு அமைப்பைத்தான்.